கவிதை எழுதினால் கடல் பின்வாங்குமா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், கடல் ஊருக்குள் வருவதாகவும் வெயிலில் ஊரே கருகுவதாகவும் கவிதை எழுதுகிறாள், படம் வரைகிறாள். படிக்கிற வயதில் இந்தப் புலம்பல் தேவையா? கவிதை எழுதினால் கடல் பின்வாங்கிவிடுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பின்வாங்காது. அதற்காக அவள் எழுதவும் இல்லை.

2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியபோது உங்கள் மகள் ஆரம்பப் பள்ளியில் படித்திருப்பாள். ஒரே இரவில் வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்த மாவட்டத்தில் வளர்ந்த பிள்ளை அவள். பயம் கவிதையிலிருந்து வரவில்லை. எழுதாதே என்று தடுத்தால் அது போய்விடாது. உங்கள் கண்ணில் படாமல் போகும், அவ்வளவுதான். அவள் ஒருத்திக்கு மட்டும் உள்ள கவலையும் இல்லை இது. இந்தியா உள்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரை உள்ள 10,000 பேரிடம் நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. பருவநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னவர்கள் 59 சதவீதம்.

சரி, எழுதி என்ன ஆகும்? மார்ஷல் தீவுகள் என்று பசிபிக்கில் ஒரு நாடு. அதன் நிலம் சராசரியாகக் கடல் மட்டத்துக்கு மேல் 2 மீட்டர்தான். அந்த ஊர் இளம் கவிஞர் கேத்தி ஜெட்னில்-கிஜினர், 2014 செப்டம்பரில் நியூயார்க்கில் ஐ.நா. பருவநிலை மாநாட்டுத் தொடக்க விழாவில், தன் ஏழு மாதக் குழந்தைக்கு எழுதிய கவிதையை உலகத் தலைவர்கள் முன் வாசித்தார். உன்னைக் கடல் விழுங்க விடமாட்டோம் என்று ஒரு தாய் கொடுக்கும் வாக்கு அது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த மாதமே பசிபிக் தீவு இளைஞர்கள், தங்கள் பாட்டன்மார் முறையில் செதுக்கிய தோணிகளோடு ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல்களை மறித்தார்கள். மறு ஆண்டு உலக நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில், புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தப் பார்க்கும் இலக்கு இடம்பிடித்ததற்கு, தீவு நாடுகள் விடாப்பிடியாக நின்றது பெரிய காரணம். கவிதையால்தான் வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் யாருடைய பிள்ளையின் வீட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை அந்தச் சபைக்கு முன்கூட்டியே சொன்னது அந்தக் கவிதை.

என் கோபமெல்லாம் நம் பள்ளிப் போட்டிகள் மேல்தான். வாயில் தெர்மாமீட்டரோடு அழும் பூமி உருண்டை, கீழே 'மரம் நடுவோம்'. பத்துப் படம் வந்தால் எட்டு இப்படித்தான் இருக்கிறது. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளைகள் வரைகிறார்கள், அதற்கே பரிசும் கொடுக்கிறோம். போர்வெல் தண்ணீர் உப்பாகிப்போனதால் தெருக்குழாயில் குடத்தோடு நிற்கும் அம்மாவை ஒரு பிள்ளை வரைந்தால், தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று ஒதுக்கிவிடுகிறோம்.

உங்கள் மகள் யாரும் சொல்லாமலே எழுதுகிறாள். படிப்பு கெடுகிறதா, தூக்கம் கெடுகிறதா என்று கவனியுங்கள். கெட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம், பொதுவாகக் 'கடல்' என்று எழுதாமல் உங்கள் ஊர்ப் பக்கத்து அக்கரைப்பேட்டைக் கடலை எழுதச் சொல்லுங்கள். அவள் சம்மதித்தால் நோட்டை எங்களுக்கு அனுப்புங்கள். நன்றாக இருந்தால் பிரசுரிப்போம். இல்லாவிட்டால், எந்த வரி சரியில்லை என்று அவளுக்கே கடிதம் எழுதுகிறேன்.