சித்தூர் மாதிரி சின்ன நகராட்சிக்குக் காலநிலைத் திட்டம் எங்கே தொடங்குவது?

பாலக்காட்டுச் சித்தூர் மாதிரி ஊருக்கெல்லாம் காலநிலைத் திட்டம் சாத்தியமா என்று கேட்டிருந்தீர்கள். சாத்தியம்தான், மரக்கன்று நடுவிழாவில் தொடங்காமல் கரன்ட் பில்லில் தொடங்குங்கள். (போட்டோகாரர் கோபித்துக்கொள்ளலாம்.) தெருவிளக்கில் 40 வாட் டியூப்லைட்டைக் கழற்றி 20 வாட் எல்இடி மாட்டினால், இரவுக்கு 12 மணி நேரம் எரிகிற கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 88 யூனிட் மிச்சம். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. ஆக, ஒரு கம்பத்திலேயே 60 கிலோ குறைகிறது.

அப்புறம் குப்பை. பிளாஸ்டிக்கை ஹரித கர்ம சேனை (கேரள உள்ளாட்சிகளுக்காகக் குப்பை சேகரிக்கும் பெண்கள் குழு) அக்காமார் வீடு தேடி வந்து வாங்கிப் போகிறார்கள், சரி. மீன் செதிலும் வாழையிலையும் காற்றுப் புகாத குவியலில் அழுகினால் மீத்தேன் கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும். வயநாட்டு மீனங்காடி பஞ்சாயத்து 2016-இல் கார்பன் சமநிலைக்கு (வெளியேற்றும் கரியமில வாயுவும் உறிஞ்சப்படுவதும் சமமாகும் நிலைக்கு) இறங்கியபோதும் இப்படிக் கணக்கெடுத்துத்தான் தொடங்கினார்கள்.