வாந்தி எடுக்கும் குழந்தைக்கு ஓஆர்எஸ் கொடுப்பது எப்படி?

நான்கு வயது மகளுக்கு நேற்று இரவிலிருந்து வாந்தியும் வயிற்றுப்போக்கும், தண்ணீர் கொடுத்தாலும் வெளியே வந்துவிடுகிறது, இது டீஹைட்ரேஷனா (அதாவது உடம்பில் நீர் குறைந்துபோகும் நீரிழப்பா), ஓஆர்எஸ் எனப்படும் உப்பு-குளுக்கோஸ் பொடிப் பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து டம்ளரில் கலந்து கொடுக்கலாமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதலில் பாக்கெட்டைச் சொல்லிவிடுகிறேன். பொடியைப் பங்கு பிரிக்கவே கூடாது. அதன் மேல் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அந்த அளவைக் காய்ச்சி ஆறிய தண்ணீராக அளந்து எடுத்து, முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கொட்டிக் கலக்குங்கள், 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள். இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டரில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும், கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும். குடல் உப்பிலுள்ள சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக உள்ளே இழுக்கிறது, அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போய்விடும், வயிற்றுப்போக்கு இருக்கும்போதும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. கரைசல் கெட்டியாகிவிட்டால் கதை தலைகீழ். உடம்பிலிருக்கும் தண்ணீரே குடலுக்குள் வந்து போக்கு அதிகமாகும், ரத்தத்தில் உப்பும் ஏறலாம். பழரசம், குளிர்பானம் எல்லாம் வேண்டாம் என்பதும் அதிலிருக்கும் சர்க்கரையால்தான்.

சரி, வாந்திக்கு என்ன செய்வது? தாகத்தில் குழந்தை டம்ளரை மடமடவென்று குடித்துவிடும், அடுத்த நிமிடமே வெளியே வரும். அதனால் டம்ளரைக் கையில் கொடுக்காமல் ஒரு நிமிடத்துக்கு ஒரு சின்ன ஸ்பூன், அதாவது 5 மில்லி, நீங்களே ஊட்டுங்கள். பார்க்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும், ஆனால் ஒரு மணி நேரத்தில் 300 மில்லி உள்ளே போயிருக்கும்! மறுபடி வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். வாந்தி அடங்கியபின், இந்த வயதில் ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும் 100 முதல் 200 மில்லி கொடுக்கலாம். பசித்தால் சாப்பாடும் கொடுங்கள், பட்டினி போட வேண்டியதில்லை.

உதடு காய்ந்திருப்பதை மட்டும் வைத்து நீரிழப்பை முடிவு செய்ய முடியாது, வாயால் மூச்சு விட்டாலே உதடு காயும். கடைசியாக எப்போது சிறுநீர் போனாள், என்ன நிறம் என்று கவனியுங்கள். அழும்போது கண்ணீர் வருகிறதா, கண் குழிவிழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வயிற்றுத் தோலை இரு விரலால் மெல்லக் கிள்ளித் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும், மடிப்பு அப்படியே நின்று மெதுவாகப் படிந்தால் வீட்டு வைத்தியம் போதாது.

எட்டு மணி நேரமாகச் சிறுநீரே இல்லை, ஸ்பூனில் கொடுத்தும் எதுவும் தங்கவில்லை, மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, எழுப்பினாலும் துவண்டு விழுகிறாள் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நன்றாக விழித்திருந்து விழுங்குகிறாள் என்றால் போகிற வழியிலும் ஸ்பூனை நிறுத்த வேண்டாம், மயக்கமாக இருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.