எக்ஸ்டர்னல் டிஸ்க் தானாக மவுண்ட் ஆக என்ன செய்வது?

லேப்டாப்பில் செருகியதும் திறக்கிற டிஸ்க், மானிட்டர் இல்லாமல் ஓடும் லினக்ஸ் பெட்டியில் ஏன் திறப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். டிஸ்க்கிலும் கேபிளிலும் குறை இல்லை. லேப்டாப்பில் நீங்கள் லாகின் செய்திருப்பதால் க்னோம், கேடிஈ மாதிரி ஒரு டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருக்கிறது, டிஸ்க் வந்ததைக் கவனித்து டிஸ்க்குகளைக் கையாளும் யூடிஸ்க்ஸ் சேவையிடம் சொல்லி மவுண்ட் செய்ய, அதாவது ஒரு ஃபோல்டரோடு இணைத்துத் திறக்க வைப்பது அதுதான். யாரும் லாகின் செய்யாத பெட்டியில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

அதனால் வந்து போகிற பென்டிரைவ்களை டெஸ்க்டாப்பிடமே விட்டுவிடுங்கள். பெட்டியோடு எப்போதும் இருக்கும் டிஸ்க்குக்கு மட்டும் எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் மவுண்ட் செய்வது என்று லினக்ஸ் பார்க்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி போதும். அதில் டிஸ்க்கின் பெயராக எஸ்டிஏ1, எஸ்டிபி1 என்று எழுதவே எழுதாதீர்கள், லினக்ஸின் மையமான கெர்னல் கண்டுபிடிக்கும் வரிசையில் வரும் பெயர்கள் அவை, இன்று ஏ, நாளை பி. வரிசை மாறினாலும் மாறாத அடையாளமான யூயூஐடி எழுதுங்கள், நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டு பிஎல்கேஐடி கமாண்ட் கொடுத்தால் காட்டும். டிஸ்க்கின் ஃபார்மட் ஈஎக்ஸ்டி4 என்றால் கோடுகளோடு 36 எழுத்து இருக்கும். எக்ஸ்ஃபேட் என்றால் எட்டே எழுத்து, நடுவில் ஒரு கோடு, அதுவும் சரிதான். எக்ஸ்ஃபேட்டில் லினக்ஸ் உரிமைகள் கிடையாது என்பதால் அந்த வரியின் ஆப்ஷன்களில் யூஐடி=1000 என்றும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ரூட் என்ற நிர்வாகி மட்டுமே எழுத முடியும். 1000 என்பது பெரும்பாலும் முதல் பயனரின் எண்.

அப்புறம் நோஃபெயில் என்ற ஆப்ஷன். இதை விட்டுவிட்டால் டிஸ்க் இல்லாத நாளில் பெட்டியைத் துவக்கும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும், வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகக்கூட உள்ளே போக முடியாது.

நான் ரொம்ப வலியுறுத்துவது இன்னொரு ஆப்ஷனை. சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்ட்டில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில், ரவுட்டருக்குப் பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது, அம்மாவின் ஃபோன் படங்கள் தினமும் இரவு அதிலுள்ள டிஸ்க்குக்குப் போகும். ஒருநாள் வாட்டர் ஹீட்டரால் வீடு முழுக்க கரண்ட் ட்ரிப் ஆனது. பெட்டி திரும்ப எழுந்தபோது டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. டிஸ்க்கில் நீல விளக்கு எரிந்துகொண்டே இருந்ததால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. மூன்று வாரம் கழித்து உட்லண்ட்ஸில் அக்கா வீட்டுக்கு டிஸ்க்கை எடுத்துப் போய், தைப்பூசத்தில் அக்கா மகன் பால்குடம் எடுத்த படத்தைக் காட்டலாம் என்று திறந்தால் அந்த மூன்று வாரப் படங்கள் எதுவுமே இல்லை. மவுண்ட் ஆகாத காலி ஃபோல்டரும் லினக்ஸுக்குச் சாதாரண ஃபோல்டர்தான், அதனால் எல்லாம் பெட்டியின் சொந்த மெமரி கார்டில் போய் விழுந்திருந்தன. நல்லவேளை, அழியவில்லை.

இதைத் தடுப்பதுதான் எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட். யாராவது ஃபோல்டரைத் தொடும்போதுதான் அது மவுண்ட் செய்யும், டிஸ்க் இல்லையென்றால் பிழை காட்டி நிறுத்திவிடும், காலி ஃபோல்டரில் எழுத விடாது. கூடவே எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=5எஸ் போட்டால் அந்த 90 விநாடிக் காத்திருப்பும் ஐந்தாகக் குறையும்.

வரியை எழுதியதும் ஃபைண்ட்எம்என்டி கமாண்டை வெரிஃபை ஆப்ஷனோடு ஓட்டுங்கள், எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே தெரியும். பிறகு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு ரீஸ்டார்ட், செருகி ஒரு ரீஸ்டார்ட். இந்த இரண்டையும் மானிட்டர் ஒன்றை மாட்டிவைத்துக்கொண்டு செய்யுங்கள்.