மாடலில் பிழை எங்கே? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒரு மருந்து அதன் செலவுக்குத் தகுந்த பலன் தருகிறதா என்று கணக்கிடும் மாடல்கள் பற்றிய கேள்விகள் இவை. அவற்றில் நோயாளிகள் ஒவ்வொரு சுழற்சியிலும், அதாவது சம நீளமுள்ள காலத் துண்டிலும், ஒரு நோய்நிலையிலேயே இருப்பார்கள் அல்லது இன்னொன்றுக்கு நகர்வார்கள். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "விடை வித்தியாசமாக வருகிறது, எங்கே தப்பு?" சுழற்சி எவ்வளவு நீளம், எத்தனை நிலைகள், எதிர்பார்த்த விடை என்ன, எதுவும் எழுதவில்லை. அவற்றை ஒதுக்கிவிட்டேன். பதில் சொல்லக்கூடியவை மட்டும் இங்கே.

ஐந்து ஆண்டுகளில் நோய் முற்றும் நிகழ்தகவு 50 சதவீதம். ஓராண்டுச் சுழற்சிக்கு 10 சதவீதம் என்று போடலாமா?

கூடாது. வீதத்தைத்தான் வகுக்கலாம், நிகழ்தகவை வகுக்க முடியாது. 0.5-இன் ஐந்தாம் மூலம் சுமார் 0.87. அதை ஒன்றிலிருந்து கழித்தால் ஆண்டுக்கு 13 சதவீதம். நீங்கள் 10 போட்டால் ஐந்தாண்டு முடிவில் 41 சதவீதம் பேருக்குத்தான் நோய் முற்றியிருக்கும். மீதி 9 சதவீதம் பேரை மாடல் சும்மா குணப்படுத்திவிட்டது. நிகழ்தகவு சிறிதாக இருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. அதனால்தான் இந்தப் பிழை சாகாமல் இருக்கிறது. இன்னொன்று: ஒரு நிலையிலிருந்து வெளியேற இரண்டு மூன்று வழிகள் இருந்தால் இந்தக் குறுக்குவழியும் தோராயம்தான்.

ஹசார்ட் ரேஷியோ (இரண்டு சிகிச்சைகளின் நிகழ்வு வீதங்களுக்கு இடையிலான விகிதம்) 0.7. அதைச் சுழற்சி நிகழ்தகவோடு நேராகப் பெருக்கிவிட்டேன். பெரிய தப்பா?

நிகழ்தகவு 0.4 என்று வையுங்கள். பெருக்கினால் 0.28. முறையாகச் செய்தால், அதாவது 0.6-ஐ 0.7 அடுக்குக்கு உயர்த்தி ஒன்றிலிருந்து கழித்தால், 0.30. இரண்டு புள்ளியை மருந்துக்குத் தானம் செய்திருக்கிறீர்கள். அதைவிடப் பெரிய விஷயம், அந்த 0.7 மாடலில் எத்தனை இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். நோய் முற்றுவதைக் குறைக்க ஒருமுறை, முற்றிய பின் வரும் மரணத்தைக் குறைக்க இன்னொருமுறை என்றால், ஆய்வு காட்டாத பலனையும் சேர்த்துக் கணக்கெழுதியிருப்பீர்கள்.

மேட்ரிக்ஸில் (நிலைவிட்டு நிலை மாறும் நிகழ்தகவுகளின் அட்டவணையில்) எல்லா வரிசையும் கூட்டினால் 1 வருகிறது. சரிபார்ப்பு முடிந்த மாதிரிதானே?

'அதே நிலையில் இருத்தல்' என்ற கட்டத்தை 'ஒன்று கழித்தல் மற்றவை' என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? அப்புறம் 1 வராமல் வேறென்ன வரும்? ஒவ்வொரு கட்டமும் 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிஎஸ்ஏ, அதாவது உள்ளீடுகளை அவற்றின் நிச்சயமின்மைக்கு ஏற்பத் தற்செயலாக மாற்றிப் பலமுறை ஓட்டும் சோதனை, ஓடும்போதும் பாருங்கள். அடிப்படை மதிப்புகளில் ஒழுங்காக இருக்கும் கட்டம் அங்கேதான் மைனஸுக்குப் போகும்.

முதல் வரைவில் ஐசிஇஆர் (ஒரு குவாலி, அதாவது முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஓராண்டு, கூடுதலாகக் கிடைக்க ஆகும் கூடுதல் செலவு) ஏற்கத்தக்க வரம்புக்குள் வந்ததால் சரிபார்ப்பை முடித்துவிட்டோம். புதிய தரவைச் சேர்த்ததும் இரண்டு மடங்காகிவிட்டது. பிழையைக் கண்டுபிடிக்க எங்கே தொடங்குவது?

இரண்டாவது விடைதான் பிழை என்று உங்களுக்கு யார் சொன்னது? பிடித்த விடை வந்த அன்று கோப்பை மூடிவிட்டீர்கள். பிடிக்காத விடை வந்ததும் விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடுகிறீர்கள். இப்படித் தேடினால் மருந்துக்குப் பாதகமான பிழைகள் மட்டும் திருத்தப்படும், சாதகமானவை அப்படியே தங்கும். கடைசியில் கிடைப்பது சரிபார்த்த மாடல் இல்லை, ஒரு பக்கமாகச் சாய்த்த மாடல்.

பொதுக்கடன் பற்றி 2010-இல் வந்து உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்ட பொருளாதாரக் கட்டுரை நினைவிருக்கலாம். அதன் எக்செல் கோப்பில் சராசரி எடுத்த வரம்பு ஐந்து நாடுகளை விட்டுவிட்டது. ஒரு பட்டதாரி மாணவர் அசல் கோப்பையே கேட்டு வாங்கிப் பார்த்து, 2013-இல்தான் அது வெளியே வந்தது. அந்த ஒரு வழுக்கல் மட்டுமே முடிவைப் புரட்டவில்லை என்பது உண்மை. ஆனால் முடிவு பலருக்கும் வசதியாக இருந்தபோது அந்தக் கட்டங்களை யாரும் திறந்து பார்க்கவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். பழைய கோப்பு, புதிய கோப்பு இரண்டையும் ஒரே சோதனைகளில் போடுங்கள். ஓட்டுவதற்கு முன் எதிர்பார்க்கும் விடையை எழுதி வையுங்கள். விடையைப் பார்த்த பிறகு எதற்கும் ஒரு நியாயம் சொல்லிவிட முடியும். எல்லா யூட்டிலிட்டியும் (வாழ்க்கைத் தர மதிப்பு) 1, பக்கவிளைவு இழப்புகளும் டிஸ்கவுன்ட்டும் (எதிர்காலச் செலவையும் பலனையும் குறைத்து மதிப்பிடும் வீதம்) 0 என்றால் குவாலியும் ஆயுள் ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு சிகிச்சைக்கும் ஒரே உள்ளீடு என்றால் வித்தியாசம் பூஜ்யம். 'கிட்டத்தட்ட பூஜ்யம்' என்று சமாதானம் சொல்லாதீர்கள். மரணத்தை முழுக்க நிறுத்தினால் கடைசிச் சுழற்சியில் எல்லோரும் உயிரோடு இருக்க வேண்டும். இதற்கெல்லாம் அரை நாள் போதும்.

அப்புறம் புதிய உள்ளீடுகளை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஐசிஇஆரைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே குதிக்கிறது என்று தெரியும். குதித்த இடம் பிழையாக இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். பழைய தரவுதான் தப்பாக இருந்தது என்று தெரியவந்தால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

ஐசிஇஆர் மைனஸில் வருகிறது. மருந்து செலவைக் குறைக்கிறது என்று எழுதலாமா?

குறைந்த செலவில் அதிக பலன் என்றாலும் மைனஸ், அதிக செலவில் குறைந்த பலன் என்றாலும் மைனஸ். நீங்கள் எந்தப் பக்கம் என்று பார்க்காமலேயே கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். செலவு வித்தியாசம், குவாலி வித்தியாசம் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். பிஎஸ்ஏவின் ஆயிரம் ஐசிஇஆரைக் கூட்டிச் சராசரி எடுக்கிற வழக்கமும் இதே காரணத்தால் தப்பு. சராசரி செலவு வித்தியாசத்தைச் சராசரி குவாலி வித்தியாசத்தால் வகுங்கள்.

எக்செல்லில் 'இஃப்எரர்' போட்டு, பிழை வரும் கட்டங்களில் 0 காட்ட வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

எடுத்துவிடுங்கள். கட்டம் கத்தினால்தான் பிழை இருப்பது தெரியும்.

பிஎஸ்ஏ மேகம் (ஒவ்வொரு ஓட்டத்தின் விடையையும் புள்ளியாக வைத்தது) வரைபடம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. நிச்சயமின்மை அவ்வளவு இருக்குமா?

திட்டப் பிழை (சராசரியின் நிச்சயமின்மை) போட வேண்டிய இடத்தில் திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு) போட்டிருப்பீர்கள். 400 பேரில் விலக்கம் 0.2 என்றால், சராசரியின் திட்டப் பிழை 0.01. இருபது மடங்கு ஊதியிருக்கிறது.

உயிர்வாழ்வுத் தரவுக்கு லாக்-நார்மல் வளைவுதான் மிகக் குறைந்த ஏஐசி (தரவோடு வளைவு பொருந்துவதன் அளவுகோல், குறைந்தால் நல்லது) தருகிறது. அதையே 40 ஆண்டுக்கு நீட்டலாமா?

ஏஐசிக்குத் தெரிந்தது தரவு இருக்கும் காலம் மட்டும்தான். அதற்கப்பால் அதற்கு ஒன்றும் தெரியாது. லாக்-நார்மலில் மரண வீதம் ஒரு கட்டத்துக்கு மேல் இறங்கிக்கொண்டே போகும். முடிவில் உங்கள் புற்றுநோயாளி அதே வயதுள்ள ஆரோக்கியமானவரைவிட மெதுவாகச் சாவார். ஒவ்வொரு சுழற்சியிலும் மக்கள்தொகை ஆயுள் அட்டவணையோடு ஒப்பிட்டு, எந்த மரண வீதம் அதிகமோ அதை எடுங்கள். இரண்டையும் கூட்டிவிடாதீர்கள், ஆய்வில் எல்லாக் காரண மரணமும் எண்ணப்பட்டிருந்தால் ஒரே சாவு இரண்டு முறை கணக்கில் ஏறும். நீட்டிய வளைவு 20-ஆம் ஆண்டில் எத்தனை பேரை உயிரோடு காட்டும் என்பதையும் வரைவதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

முன்னேற்றமில்லா உயிர்வாழ்வு (நோய் முற்றாமல் உயிரோடு இருப்பவர்கள்) வளைவு மொத்த உயிர்வாழ்வு வளைவைத் தாண்டி மேலே போகிறது.

கேள்வியே இல்லை, ஆனாலும் பதில்: நோய் முற்றியவர் எண்ணிக்கை மைனஸில் இருக்கிறது. 'மேக்ஸ்' போட்டுப் பூஜ்யத்தில் நிறுத்தாதீர்கள். இரண்டு வளைவையும் தேர்ந்த விதத்தை மறுபடி பாருங்கள்.

30 ஆண்டு மாடல், தொடக்க வயது 60. ஒருவருக்கு 31 குவாலி வருகிறது. ஏற்கலாமா?

0-இலிருந்து 30 வரை எண்ணினால் 31 வரிசை. ஒரு வரிசை கூடுதலாக ஓடுகிறது. அது சின்னப் பிழை. 31 குவாலி முழுசாக வந்திருக்கிறது என்றால் 91 வயது வரை யாரும் சாகவில்லை, யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை, டிஸ்கவுன்ட்டும் ஓடவில்லை. மூன்றையும் தேடுங்கள், டிஸ்கவுன்ட் கட்டத்திலிருந்து தொடங்குங்கள்.