‘அஞ்சேகால்’ என்று சொன்னால் போனுக்கு ஏன் புரியவில்லை?

நீங்கள் கேட்டது இரண்டு: நாம் சாதாரணமாகப் பேசுவதைக் கம்ப்யூட்டர் எப்படிப் புரிந்துகொள்கிறது? நீங்கள் பேசினால் மட்டும் போன் ஏன் ‘மீண்டும் சொல்லுங்கள்’ என்கிறது, உச்சரிப்பு சரியில்லையா? இரண்டாவதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. யாரோ உங்களைக் கிண்டல் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ‘உச்சரிப்பு’ என்ற வார்த்தையே கேள்வியில் வந்திருக்காது.

நான் இன்ஜினியர் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் எட்டு மாதம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஜனங்கள் பேசிய ஒலித்துண்டுகளைக் கேட்டு டைப் அடித்தவன். பேச்சைக் கேட்கும் மெஷினுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது அந்த வேலைதான்.

நீங்கள் பேசும் சத்தத்தைப் போன் ஒரு நொடிக்கு 16,000 தடவை அளக்கிறது. அதைக் கண்ணிமைப்பதை விடச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எந்தச் சுருதி எவ்வளவு பலமாக இருக்கிறது என்று பார்க்கிறது. இதற்கு முன் கேட்ட லட்சக்கணக்கான துண்டுகளோடு ஒப்பிட்டு இது இந்த எழுத்தாக இருக்கலாம், இந்தச் சொல்லாக இருக்கலாம் என்று கணக்குப் போடுகிறது. சொல் கிடைத்த பிறகு, என்ன வேலை சொல்கிறார்கள், யாருக்கு, எத்தனை மணிக்கு என்று பிரித்தெடுக்கிறது. முழுக்க முழுக்க ஊகம். முன்னால் அதிகம் கேட்டிராததைச் சரியாக ஊகிப்பது அதற்குக் கஷ்டம். 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்த, பேச்சைக் கேட்கும் ஆரம்பகால மெஷினான ‘ஆட்ரி’க்கு பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்கள் மட்டும்தான் தெரியும், அதுவும் பழக்கிய ஆளின் குரலுக்குத்தான் ஒழுங்காக வேலை செய்தது. இன்றைக்கு மெஷின் எவ்வளவோ வளர்ந்துவிட்டது, ஆனால் யார் குரலைப் பழக்கினோமோ அவர்களைத்தான் நன்றாகக் கேட்கிறது என்பது மாறவில்லை.

எங்கள் அம்மா மீன் விற்பவர். சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது, போனில் எழுத்து தெரியாது. பேசினால் போதும் என்று நான்தான் பழக்கிவிட்டேன். முதல் நாள் ராத்திரி, ‘விடியக்கால அஞ்சேகாலுக்கு எழுப்பி வுடு’ என்றார். அந்த நேரத்துக்கு எழுந்தால்தான் துறைமுகத்தில் ஏலத்துக்குப் போக முடியும். போன், ‘யாரை அழைக்க வேண்டும்?’ என்று கேட்டது. அம்மா சொன்ன கால் மணியை அது போன் கால் என்று எடுத்துக்கொண்டது. அம்மா பதறிப்போய், ‘எனக்குப் பேசத் தெரியலடா’ என்று போனை என் கையில் கொடுத்துவிட்டார். நாற்பது வருஷமாக அன்னக்கூடையோடு தெருத்தெருவாகக் கூவி விற்ற குரல் அது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ஏனென்றால் காரணம் எனக்குத் தெரியும். வேலையில் எங்களுக்குத் தந்த விதி, பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றி அடிக்க வேண்டும் என்பது. ஒரு துண்டில் ஒரு பெண், ‘ஆத்துல தண்ணி வந்துடுச்சி, பாலத்தாண்ட போவாத’ என்றார். கெடிலத்தில் வெள்ளம், பாலத்துக்குப் பக்கத்தில் போகாதே என்கிறார். நான் கேட்டபடியே அடித்தேன். மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பினார். அவரே திருத்திய வரி: ‘பாலத்தைத் தாண்டப் போகாதே.’ அவர் எங்கள் பக்கத்து ஆள் இல்லை, ‘ஆண்ட’ என்றால் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் விளக்கியும் கேட்கவில்லை. தப்பான வரிதான் உள்ளே போனது. மெஷின் அதைத்தான் படித்திருக்கும்.

‘வட்டாரத்துக்கு ஒரு தமிழ் வைத்தால் மெஷின் என்ன செய்யும், பொதுத் தமிழ்தானே வேண்டும்?’ என்று சிலர் வருவார்கள். எழுத்துத் தமிழ் எனக்கும் பிடிக்கும், இந்தப் பதிலே ஏறக்குறைய அதில்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் யாரும் ‘என்னை ஐந்தேகால் மணிக்கு எழுப்பிவிடவும்’ என்று பேசுவதில்லை. பேச்சைக் கேட்க வந்த கருவி பேசுகிறபடிதான் கேட்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வருகிறது. ரேஷன் கடையில் கைரேகை மெஷினும் அம்மாவை ஏற்பதில்லை. மீன் ஆய்ந்து ஆய்ந்து ரேகை தேய்ந்துவிட்டது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துவிட்டு, வரிசையில் நிற்பவர்கள் முன்னால் ‘நாளைக்கு வாம்மா’ என்று அனுப்புகிறார்கள். உழைத்த கைக்கு இதுதான் மரியாதையா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்களுக்கு உதவக்கூடியது: போனின் குரல் மொழியில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஆட்களின் பெயரை நீங்கள் வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே பதியுங்கள். திருப்பூரில் இருக்கும் அண்ணன் பெயரை அம்மா போனில் ‘பெரியவன்’ என்று மாற்றினேன். ‘பெரியவனுக்குப் போன் போடு’ என்றால் இப்போது உடனே போகிறது. அலாரத்துக்கு ‘அஞ்சு மணி பதினைஞ்சு நிமிஷம்’ என்றால் சரியாக வைக்கிறது. அம்மாவுக்கும் சொல்லிப் பார்த்தேன். அவர் அஞ்சேகால் என்றுதான் சொல்வார். அதனால் தினம் ராத்திரி நானே வைத்துக் கொடுக்கிறேன்.