பக்கவாதம் வந்த அப்பா வீட்டுக்கு வருகிறார். பார்த்துக்கொள்ளப் போகும் அக்காவுக்கு நான் எப்படி உதவுவது?

நீங்கள் பெங்களூரில் வேலையில் இருக்கிறீர்கள். அப்பா மூக்குக் குழாயோடு பாலக்கோட்டு வீட்டுக்கு வருகிறார், அக்கா ஒருத்திதான் துணை என்று எழுதியிருக்கிறீர்கள். லீவு கிடைத்தால் டிஸ்சார்ஜுக்கு முந்தின நாட்களிலேயே போட்டுவிடுங்கள். வார்டில் சந்தேகம் கேட்க நர்ஸ் இருக்கிறார். வீட்டில் நடுராத்திரி குழாய் அடைத்தால் அக்கா யாரைக் கேட்பாள்? அதனால் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுப்பதை நீங்கள் இருவருமே நர்ஸ் கண்முன்னால் கைப்படச் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

ராகிக் கூழானாலும் கஞ்சியானாலும் நீர்க்கக் காய்ச்சி, வடிகட்டித்தான் குழாயில் விட வேண்டும். தலைமாட்டை உயர்த்தி வைத்துக் கொடுங்கள். கொடுத்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். குழாய் வெளியே வந்துவிட்டால் நீங்களே திரும்பச் செருக வேண்டாம், ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

படுக்கைப் புண் வராமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். பழைய வேட்டியை நாலாக மடித்து இடுப்புக்கு அடியில் போட்டு வையுங்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் சுலபமாகத் திரும்பிவிடுவார். செயலிழந்த கையை மட்டும் பிடித்து இழுக்கக் கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும்.

இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் ராத்திரியும்தான். அக்காவுக்குத் தூக்கமே இருக்காது. என் பாட்டி படுக்கையில் இருந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கி வந்தார்கள். சித்தி மட்டும் சனிக்கிழமை சாயங்காலம் அரூரிலிருந்து பஸ் ஏறி வந்து, "அக்கா, நீ போய்ப் படு, காலைல நானே எழுப்பறேன்" என்று அம்மாவை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார். அம்மா அந்த வாரத்தைத் தாக்குப்பிடித்ததே அந்த ஒரு ராத்திரித் தூக்கத்தால்தான். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று கேட்டால் அக்கா எதுவும் சொல்லமாட்டாள். சனி ராத்திரி என்னுடையது என்று நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

அலைச்சல் வேலையையும் நீங்களே பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டிலேயே கொடுப்பதோடு, பிசியோதெரபியும் படுக்கையில் இருப்பவர்களுக்கான பராமரிப்பும் அதில் உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டின் நகலோடு உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

அப்புறம் பணம். மாதாமாதம் கேட்காமலே அனுப்பிவிடுங்கள், கணக்குக் கேட்காதீர்கள். டயப்பர் செலவைத் தம்பியிடம் சொல்ல எந்த அக்காவுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. அக்கா புகுந்த வீட்டை விட்டுத்தானே வந்து தங்கப் போகிறாள்? அங்கே பிள்ளைகளுக்குச் சமையல், பள்ளிக்கூடம் எல்லாம் என்ன ஆகும் என்று மாமாவிடம் நீங்களே நேரில் பேசுங்கள், டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே. அந்தப் பேச்சை அக்கா தலையில் விடாதீர்கள்.