பச்சைப்புல் இருந்தும் கன்று தேறவில்லையே?

கேள்வி: மாரி மழையில் மேய்ச்சல்தரை முழுக்கப் பச்சை. ஆனாலும் இறைச்சிக்கு வளர்க்கிற நாம்பன் கன்றுகள் எடை போடவில்லை, சாணமும் இளக்கமாகப் போகிறது. புண்ணாக்கு வைக்கலாமா ஐயா?
– வாசகர், வெல்லாவெளி

பதில்: புண்ணாக்கு புரதத்துக்கு வைக்கிற தீனி, அது இப்போது வேண்டாம் தம்பி, காசுதான் வீண். மழைக்கு முளைத்த இளம்புல்லில் புரதம் போதுமான அளவு இருக்கிறது, தண்ணீரும் அதிகம், குறைவது சக்திதான். புரதம் வயிற்றில் வேகமாக உடைந்து அமோனியாவாகிறது, அதைப் பிடித்து வளர நுண்ணுயிர்களுக்கு மாச்சத்து வேண்டும், அது கிடைக்காவிட்டால் மிச்சமெல்லாம் யூரியாவாக மூத்திரத்தில் போய்விடும். குளிர்நாடுகளில் ஓட்ஸ், ரைப் புல் மேய்கிற கன்றுகளுக்குத் தானியம் வைப்பதும் இதற்காகத்தான்.

உடைத்த சோளன் நல்லது. 100 கிலோ கன்றுக்கு நாளுக்கு அரைக் கிலோ போதும், அதுவும் 100 கிராமில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் வயிறு புளித்துக் கன்று தீனியையே விட்டுவிடும். சோளன் விலை கட்டாது என்றால் தவிடு வாங்கலாம், ஆனால் மில்லில் உமி கலந்த தவிட்டைத் தலையில் கட்டிவிடுவார்கள், கையில் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். எண்ணெய்ப் பசையுள்ள நல்ல தவிடு சீக்கிரம் காறிப்போகும் என்பதால் மூட்டைக் கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள்.

இதற்கெல்லாம் முதல், வயிறு மட்டும் உப்பி மயிர் சிலிர்த்து நிற்கிற கன்று இருந்தால் கால்நடை வைத்தியரிடம் காட்டிப் பூச்சி மருந்து கொடுங்கள். புழு இருக்கும்வரை சோளனும் அதற்குத்தான் போகும். புண்ணாக்கை ஆடி ஆவணி வெயிலில் வைக்கோல் தின்னும்போது வையுங்கள்.